சிறு வருமானத்தில் சொந்த இணையதளம்: செலவும் வழிகளும்

"மாதம் 69 ரூபாய்க்கு வெப் ஹோஸ்டிங்." இந்த மாதிரி விளம்பரம் செல்பேசித் திரையில் வராத நாள் குறைவு. உள்ளே போய்ப் பணம் கட்டும் பக்கம்வரை சென்றால்தான் கணக்கு விளங்கும். இத்தகைய விலை பெரும்பாலும் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டுகிறவர்களுக்கு உரியது. 69 ரூபாயை 48 மாதத்தால் பெருக்கினால் 3,312 ரூபாய். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 596 ரூபாய். மொத்தம் 3,908 ரூபாயை ஒரே தடவையில் எடுத்து வைக்க வேண்டும். மாதாமாதம் கட்டுகிறேன் என்றால் விலை பல மடங்காகும். நான்கு ஆண்டு கழித்துப் புதுப்பிக்கும்போதும் பழைய சலுகை விலை இருக்காது.

மாதம் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாயில் குடும்பம் நடத்துகிறவருக்கு 3,908 ரூபாய் பெரிய தொகை. ஆனால் இணையதளம் தேவைப்படுகிறவர்களில் பலர் அந்த வருமானக்காரர்கள்தான். தறியில் நெய்த சேலையை இடைத்தரகர் இல்லாமல் விற்க நினைக்கும் நெசவாளர் குடும்பம், இருநூறு பிரதி அச்சிடும் சிறுபத்திரிகை, ஊர் ஊராகப் போய் ஆடும் தெருக்கூத்துக் குழு, சொந்த ஊரின் வரலாற்றை எழுதி வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தன் செயல்திட்டங்களைக் காட்ட வேண்டிய கல்லூரி மாணவி எனப் பட்டியல் நீளும்.

இவர்களுக்கு இரண்டு தடைகள் உண்டு. ஒன்று விலை. மற்றொன்று, கையில் காசு இருந்தாலும் அதைக் கட்ட வழி இல்லாமல் போவது. விலையைப் பற்றிப் பேச்சு நிறைய நடக்கிறது. இரண்டாவது தடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

கார்டு இருக்கிறது, பணம் போகவில்லை

இந்தியாவில் 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் திட்டத்தில் பத்தே ஆண்டுகளில் 53 கோடிக்கும் மேற்பட்ட வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. 36 கோடிக்கும் மேற்பட்ட ரூபே டெபிட் கார்டுகள் வழங்கப்பட்டன. முதல் தடவையாக வங்கிக்குள் நுழைந்த ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் இந்தக் கார்டுகள் பெரும்பாலும் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கானவை. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்தில் விசா, மாஸ்டர்கார்டு சின்னங்கள் இருக்கும். ரூபே பல இடங்களில் இருக்காது.

விசா கார்டு வைத்திருப்பவருக்கும் வழி உடனே திறந்துவிடுவதில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவுப்படி, புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே முதலில் வேலை செய்யும். ஆன்லைன் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் கார்டுக்காரரே தனித்தனியாகத் திறந்துகொள்ள வேண்டும். வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகளுக்குள் போய், 'இன்டர்நேஷனல்' என்ற பொத்தானைத் திருப்பி, உச்சவரம்பையும் குறிக்க வேண்டும். மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் இதைப் பற்றித் தெரியாதவர், கணக்கில் பணம் இருந்தும் 'டிக்ளைன்' என்று வருவதைப் பார்த்துக் குழம்பிப் போகிறார். சில வங்கிகளின் அடிப்படைக் கார்டுகளில் அந்தப் பொத்தானே இருப்பதில்லை.

2021 அக்டோபர் 1 முதல் தானியங்கிப் பிடித்தத்துக்கான விதிகளும் மாறின. மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் கார்டில் தானாகப் பணம் எடுக்கும் நிறுவனம், வாடிக்கையாளரிடம் முறையான ஒப்புதல் பதிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் போயிருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவை என்றிருந்தது; 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆக உயர்ந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தங்கள் நின்றுபோயின. தளம் தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று நம்பி இருந்தவர்களுக்கு, அது முடங்கிய பிறகே விஷயம் தெரிய வந்தது.

இதோடு நாணய மாற்றுச் சுமையும் சேர்கிறது. மாதம் 5 டாலர் என்பது உலக ஹோஸ்டிங் சந்தையில் மலிவான விலை. ஆண்டுக்கு 60 டாலர். 2014இன் நடுவில் டாலர் சுமார் 60 ரூபாயாக இருந்தபோது அது 3,600 ரூபாய். டாலரை 85 ரூபாயாக வைத்துக்கொண்டாலே இப்போது 5,100. அதன்மேல் 18 சதவீத வரி, வங்கி எடுக்கும் 3.5 சதவீதம் வரையிலான மாற்றுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 6,200 ரூபாயைத் தாண்டும். சேவையின் டாலர் விலை ஒரு சென்ட்கூட ஏறாமலே செலவு ஏறக்குறைய எழுபது சதவீதம் கூடிவிட்டது.

எல்லை தாண்டினாலும் இதே கதை

இலங்கையில் இந்தச் சுமை ஒரே பருவத்தில் வந்து விழுந்தது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைத் தளர்த்தியபோது டாலர் சுமார் 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஆண்டுக்கு 60 டாலர் கட்டிவந்த ஒரு யாழ்ப்பாணத்துச் சிற்றிதழுக்கு 12,000 ரூபாய்ச் செலவு 21,600 ஆனது என்று கணக்கிடலாம். நாடே எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் தேடி அலைந்த அந்த மாதங்களில், சர்வர் வாடகைக்கு டாலர் செலவழிப்பது எளிதாக இருக்கவில்லை. பேபால் வழியாக வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் வசதி இலங்கையருக்கு இல்லாததால், வாசகர் நன்கொடையை டாலராகவே வாங்கி டாலராகவே கட்டும் வழியும் அடைபட்டிருந்தது.

வங்கதேசத்தில் கார்டை வெளிநாட்டுச் செலவுக்குப் பயன்படுத்த, பாஸ்போர்ட்டில் அந்நியச் செலாவணிக்கான பதிவு வேண்டும். பாஸ்போர்ட் இல்லாத மாணவருக்கு அந்த வழியே இல்லை. நைஜீரியாவில் 2022இல் டாலர் தட்டுப்பாட்டால் பல வங்கிகள் உள்நாட்டுக் கார்டின் வெளிநாட்டுச் செலவை மாதம் 20 டாலராகக் குறைத்தன. பின்னர் சில வங்கிகள் அதையும் நிறுத்தின. மாதம் 20 டாலர் வரம்புக்குள் ஓராண்டு ஹோஸ்டிங்கை ஒரே தடவையில் வாங்க முடியாது. மாதாமாதம் வாங்கினால் விலை கூடுதல். பண வசதி குறைந்தவரே அதிகம் கொடுக்க வேண்டிய நிலை.

கென்யா இதற்கு மாறான உதாரணம். அங்கே 2007இல் வந்த எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவரையும் செல்பேசி வழியாகப் பணம் அனுப்ப வைத்தது. உள்ளூர் ஹோஸ்டிங் நிறுவனங்கள் எம்-பெசாவை ஏற்கின்றன. 2022இல் எம்-பெசா கணக்கோடு இணைந்த மெய்நிகர் விசா அட்டையும் வந்தது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய யுபிஐ உள்நாட்டில் இதே வேலையைச் செய்திருக்கிறது. இந்தியாவில் ரூபாயில் விலை சொல்லி விற்கும் பெரும்பாலான டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் நிறுவனங்கள் யுபிஐ ஏற்கின்றன. ஜன்தன் கணக்குக்காரரும் ஜிபேயிலோ போன்பேயிலோ கட்டிவிடலாம். ஆக, இந்தியாவில் இருப்பவருக்கு முதல் அறிவுரை எளிது: ரூபாயில் விலை சொல்லி, யுபிஐயில் பணம் வாங்கும் இடத்தையே தேட வேண்டும். டாலர் விலை சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் வரியும் மாற்றுக் கட்டணமும் சேர்ந்தபின் அந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

கார்டு இல்லாதவர்கள் ஊரெங்கும் செய்யும் இன்னொரு வழியும் உண்டு: துபாயில் இருக்கும் அண்ணனிடமோ டொரன்டோவில் இருக்கும் மாமாவிடமோ சொல்லிக் கட்டச் செய்வது. முதல் ஆண்டு சிக்கல் வராது. அடுத்த ஆண்டு அவருடைய கார்டு காலாவதியாகியிருக்கும். நினைவூட்டல் மின்னஞ்சல் அவருக்கே போய், படிக்கப்படாமல் கிடக்கும். உறவினர் பணம் கட்டலாம், தவறில்லை. கணக்கும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும் தளத்தை நடத்துகிறவருடையதாக இருக்க வேண்டும்.

இலவசத்தின் வரலாறு

காசு இல்லாதவர் முதலில் தேடுவது இலவச இடத்தை. அது இணையத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1994இல் தொடங்கிய ஜியோசிட்டிஸ் லட்சக்கணக்கான சாதாரண மக்களுக்கு முதல் முகவரியைத் தந்தது. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு ஓடி ஓடிப் படியெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

அதன்பின் பட்டியல் நீண்டது. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் நம்பியிருந்த ஹெரோகு, 2022 நவம்பர் 28இல் இலவசத் திட்டத்தை நிறுத்தியது. இலவச பிஹெச்பி ஹோஸ்டிங்குக்குப் பெயர்போன 000வெப்ஹோஸ்ட் 2024இல் மூடப்பட்டது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சிறுகடைக்காரர்கள் இரண்டு நிமிடத்தில் உருவாக்கிக்கொண்ட இலவச வலைப்பக்கங்கள் 2024 மார்ச்சில் அணைக்கப்பட்டன; ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வருபவர்களைக் கடையின் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், பிறகு அதுவும் நின்றது. கிளிட்ச் 2025 ஜூலையில் தளங்களை வைத்திருக்கும் சேவையை முடித்துக்கொண்டது.

இலவச டொமைன்களின் கதை இன்னும் மோசம். டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ, டாட் சிஎஃப், டாட் ஜிக்யூ ஆகிய ஐந்து நாட்டு முகவரி முடிவுகளை ஃப்ரீனம் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்தது. மோசடிக்காரர்களும் அவற்றை அள்ளிக்கொண்டார்கள். 2023இன் தொடக்கத்தில் மெட்டா அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. புதிய பதிவுகள் நின்றன. அதே ஆண்டு ஜூனில் காபோன் நாடு தன் டாட் ஜிஏ முடிவைத் திரும்ப எடுத்துக்கொண்டு 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களை நீக்கியது. 2024 பிப்ரவரியில் ஃப்ரீனம் டொமைன் தொழிலை விட்டே விலகுவதாக அறிவித்தது. மோசடிக்காரர்களோடு சேர்த்து, காசில்லாமல் அந்தப் பெயரை எடுத்த நேர்மையான மாணவரும் தன் முகவரியை இழந்தார்.

இவை மூடப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. இலவசச் சர்வர்களைக் கிரிப்டோ தோண்டுவோரும் ஃபிஷிங் கும்பல்களும் நிரப்பினார்கள். கண்காணிக்கச் செலவு ஏறியது, வருமானம் இல்லை. முதலீட்டாளர் பணத்தில் ஓடும்வரை ஓடி, பணம் தீர்ந்ததும் நின்றவையும் உண்டு. இந்த வரலாற்றிலிருந்து இலவசமே வேண்டாம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. நீடித்தவையும் இருக்கின்றன. 1999இல் தொடங்கி 2003இல் கூகுளிடம் போன பிளாக்கர் இன்றும் ஓடுகிறது. இரண்டாயிரங்களின் தமிழ் வலைப்பதிவு அலையில் பெரும்பகுதி அதில்தான் எழுந்தது. 2008 டிசம்பரில் வந்த கிட்ஹப் பேஜஸ் நிற்கிறது. ஜியோசிட்டிஸின் நினைவில் 2013இல் தொடங்கிய நியோசிட்டிஸ் 1 ஜிபி இடம் தருகிறது. 2021இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த கிளவுட்ஃபிளேர் பேஜஸ், பார்வையாளர் எவ்வளவு வந்தாலும் டேட்டாவுக்குக் கட்டணம் கேட்பதில்லை. இந்த நான்கிலும் கணக்குத் தொடங்கக் கார்டு எண் தேவையில்லை.

கார்டு கேட்காமல் இருப்பது முக்கியமான அளவுகோல். அமேசான், ஆரக்கிள் போன்ற பெரிய கிளவுட் நிறுவனங்களும் இலவசத் திட்டம் வைத்திருக்கின்றன. ஆனால் பதிவின்போதே கார்டு கேட்பார்கள். கட்டணத் திட்டத்துக்கு மாறியபின் வரம்பு தாண்டினால் பில் வரும். வருமானம் குறைந்தவர் அந்த அபாயத்தை எடுக்கக்கூடாது.

தமிழ் எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஹோஸ்டிங் விற்பவர்கள் 50 ஜிபி, 100 ஜிபி என்று அடுக்குவதைப் பார்த்து, குறைந்த இடம் போதாது என்று நினைப்பவர்கள் பலர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கிறது. 'கட்டுரை' என்று எழுதினால் க, ட, புள்ளி, ட, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஏழு குறியீடுகள், 21 பைட். இந்த வீதத்தில் ஆயிரம் சொல் கொண்ட ஒரு கட்டுரை ஏறத்தாழ 25 கிலோபைட் வரும். தலைப்பு, வடிவமைப்பு எல்லாம் சேர்த்து 50 கிலோபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 1 ஜிபியில் 20,000 கட்டுரைகள் அடங்கும். இதழுக்கு 25 கட்டுரை வெளியிடும் மாதப் பத்திரிகைக்கு அது அறுபது ஆண்டுக்கும் மேல் போதும்.

இடத்தைத் தின்பவை படங்கள். செல்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி இருந்தால், அது எண்பது கட்டுரைகளின் இடத்தை எடுக்கிறது. அதே படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவில் சேமித்தால் 100 முதல் 150 கிலோபைட்டுக்குள் வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நெசவாளர் ஒருவர் தன் சேலைப் படங்களை இப்படிச் சுருக்கி ஏற்றினால் இடம் மிச்சமாவதோடு, சிக்னல் குறைந்த ஊரில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் பக்கம் சட்டென்று திறக்கும்.

கிட்ஹப் பேஜஸின் வரம்பு 1 ஜிபி இடம்; மாதம் சுமார் 100 ஜிபி டேட்டா. ஒரு பக்கம் படத்தோடு 200 கிலோபைட் என்றால் மாதம் 5 லட்சம் தடவை திறக்கலாம். பெரும்பாலான சிறுபத்திரிகைகளுக்கு இதில் நூறில் ஒரு பங்கு வாசகர் வந்தாலே கொண்டாட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளம், ஒவ்வொரு வாசகர் வரும்போதும் டேட்டாபேஸில் தேடிப் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கிறது. அதற்கு பிஹெச்பி ஓடும் சர்வர் வேண்டும். அந்தச் சர்வருக்குத்தான் வாடகை. ஸ்டாட்டிக் தளத்தில் பக்கங்கள் முன்பே தயாராகி ஹெச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும். சர்வர் எடுத்துக் கொடுத்தால் போதும். கட்டுரை, கதை, படத்தொகுப்பு, விலைப்பட்டியல், தொடர்பு எண் ஆகியவற்றுக்கு ஸ்டாட்டிக் போதும். ஜெகில், ஹியூகோ போன்ற இலவச மென்பொருள்கள் எழுத்தை எடுத்துத் தளமாக்கித் தருகின்றன. கற்றுக்கொள்ள ஓரிரு வாரம் பிடிக்கும். கணினியே இல்லை, செல்பேசி மட்டும்தான் என்பவருக்கு பிளாக்கர் இன்னும் எளிது.

விற்பனைக்கும் இது போதும். ஆனால் கிட்ஹப் தன் இலவச இடத்தில் வணிகத் தளம் நடத்த அனுமதிப்பதில்லை. கடைக்கு கிளவுட்ஃபிளேர் பேஜஸ் பொருந்தும். அங்கே ஒரு கோப்பு 25 எம்பிக்கு மிகாமலும், மொத்தம் 20,000 கோப்புக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சேலைப் படம், விலை, வாட்ஸ்அப் இணைப்பு, யுபிஐ க்யூஆர் குறியீடு ஆகிய நான்கும் ஒரு பக்கத்தில் இருந்தால் வியாபாரம் நடக்கும்.

எளிய கோப்புகளின் ஆயுளுக்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பில் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. பழைய எழுத்துருக் குறியேற்றங்களில் ஆரம்பித்து யூனிகோடுக்கு மாறியது. எழுத்தாகவும் பிடிஎஃப்பாகவும் எளிய வடிவில் வைத்திருந்ததால் அந்த மாற்றத்தைத் தாண்டி அந்த நூல்கள் இன்றும் கிடைக்கின்றன.

காசு கொடுக்க வேண்டிய ஒரே இடம்

எல்லாமே இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குத்தான் செலவழிப்பது? டொமைன் பெயருக்கு. ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு. டொமைன் பெயர் ஊரார் நம்மைத் தேடி வரும் விலாசம். விலாசம் நம்முடையதாக இருந்தால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலும் வேறு வீட்டுக்குப் போய் அதே விலாசத்தை மாட்டிக்கொள்ளலாம்.

இந்தியாவில் டாட் இன் பெயர்களை நிக்ஸி நிர்வகிக்கிறது. விற்பனையாளரைப் பொறுத்து ஆண்டுக்கு 600 முதல் 1,000 ரூபாய்க்குள் ஒன்று கிடைக்கும். டாட் காமுக்கு மொத்த விலையே 2024 செப்டம்பரிலிருந்து 10.26 டாலர், அதனால் சில்லறையில் ஆயிரத்துக்கு மேல் போகிறது. முதலாண்டு 99 ரூபாய் என்று ஈர்க்கும் முடிவுகளில் இரண்டாம் ஆண்டு விலை 2,000, 3,000 என்று ஏறுவதுண்டு. ஆகவே பார்க்க வேண்டியது புதுப்பிப்பு விலையை. அந்தச் செலவுக்கும் வழியில்லாதவர்களுக்கு 1996 முதல் இலவசத் துணைப்பெயர் தரும் ஈயு டாட் ஆர்க் இருக்கிறது. அனுமதி வர நாளாகும். கல்லூரி மாணவர்களுக்கு கிட்ஹப் ஸ்டூடன்ட் பேக் மூலம் ஓராண்டுக்கு ஒரு பெயர் இலவசமாகக் கிடைக்கிறது.

கிட்ஹப், கிளவுட்ஃபிளேர், பிளாக்கர் மூன்றும் சொந்த டொமைனை இணைக்கக் கட்டணம் வாங்குவதில்லை. வேர்ட்பிரஸ் டாட் காம் அதைக் கட்டணத் திட்டத்தில்தான் அனுமதிக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் விற்ற எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழும் இப்போது செலவில்லை. 2016இல் முழு அளவில் வந்த லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாக்கிவிட்டது. எஸ்எஸ்எல்லுக்குத் தனிக்கட்டணம் என்று எந்த விற்பனையாளராவது கேட்டால் மறுத்துவிடலாம்.

டொமைன் விஷயத்தில் நம்மூரில் நடக்கும் பெரிய இழப்பு வேறு. தெருவில் தெரிந்த தம்பி "நான் வெப்சைட் போட்டுத் தர்றேன்" என்று வருவார். அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய பெயரிலேயே டொமைன் பதிவாகும். மூன்று ஆண்டு கழித்து அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார், எண்ணும் மாறியிருக்கும். டாட் காம் பெயர் காலாவதியானால், விற்பனையாளர் தரும் சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள். அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அதில் பழைய விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதன்பின் 5 நாளில் பெயர் அழிந்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தேடுபொறியில் நல்ல இடம் பிடித்த பழைய பெயர்களுக்காகவே காத்திருந்து அள்ளும் வியாபாரிகள் இருக்கிறார்கள்.

தம்பி உதவட்டும். ஆனால் கணக்கு உரியவரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். ஓடிபி உரியவரின் போனுக்கு வர வேண்டும். டொமைனை வேறிடம் மாற்றத் தேவையான அங்கீகாரக் குறியீட்டை எங்கே எடுப்பது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இயன்றால் இரண்டு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து யுபிஐயில் கட்டிவிடுவது நல்லது. தானியங்கிப் பிடித்தம் தவறும் கவலை இருக்காது.

வாடகை கொடுத்தே ஆக வேண்டியவர்கள்

வாசகர் கணக்குத் தொடங்கி உள்ளே நுழைய வேண்டும், மாணவர் தேர்வு எழுத வேண்டும், கடையில் இருப்புக் கணக்கு தானாகக் குறைய வேண்டும் என்றால் ஸ்டாட்டிக் போதாது. வீட்டில் பழைய கணினியைச் சர்வராக்கலாம் என்பாரும் உண்டு. மின்வெட்டும், பல இணைப்புகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் நம் பிராட்பேண்ட் முறையும் அதைக் கடினமாக்குகின்றன.

அப்போது கட்டண ஹோஸ்டிங் தேவை. வாங்கும்முன் நான்கைப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு வரியோடு சேர்த்து என்ன விலை? புதுப்பிக்கும்போது என்ன விலை? 'அன்லிமிடெட்' என்ற திட்டத்தில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா? தினசரிப் படியெடுப்பு திட்டத்துக்குள் அடக்கமா? ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் டொமைனை ஏற்காமல் தனியிடத்தில் வாங்குவது நல்லது. இரண்டும் ஒரே கையில் இருந்தால் விலகுவது கடினம். நான்காண்டு முன்பணத்தைவிட ஓராண்டுத் திட்டம் மாதக் கணக்கில் விலை கூடுதலாக இருந்தாலும், சேவை சரியில்லை என்றால் இழப்பது குறைவு. நான்கைந்து சிறு அமைப்புகள் சேர்ந்து ஒரு திட்டத்தை வாங்கிப் பகிர்வதும் நடைமுறையில் இருக்கிறது. பல திட்டங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களை அனுமதிப்பதால் தலைக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் ஒரு வேலை பொது: படியெடுத்து வைப்பது. பிளாக்கரில் அமைப்புகளுக்குள் போனால் பதிவுகள் முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். படங்களைத் தனியாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பென்டிரைவில் ஒரு படி, இன்னொருவரிடம் ஒரு படி. ஜியோசிட்டிஸிலிருந்து கிளிட்ச் வரை மூடிய சேவைகள் பலவும் முன்னறிவிப்புக் கொடுத்தே மூடின. சொந்தப் படி வைத்திருந்தவர்கள் ஓரிரு நாளில் இடம் மாறினார்கள்.

பொது நிறுவனங்களின் கடமை

இத்தனை வழிகளையும் ஒவ்வொரு நெசவாளரும் கூத்துக் கலைஞரும் தனியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நியாயமில்லை. புத்தகம் வாங்க முடியாதவருக்கு நூலகம் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சமூகம், எழுதியதை வெளியிட இடம் இல்லாதவருக்கும் ஏற்பாடு செய்யலாம். ஒரு கட்டுரைக்கு 50 கிலோபைட் என்றால், ஆயிரம் சிறு அமைப்புகளின் எழுத்தையும் ஒரு நடுத்தரச் சர்வரில் வைத்துவிட முடியும். செலவு ஒரு கருத்தரங்கின் மதிய உணவுச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் பணியை நடத்துகிறது. ஈழத்து எழுத்துகளுக்கு 2005 முதல் நூலகம் திட்டம் அந்தப் பணியைச் செய்கிறது. ஏற்கெனவே அச்சானதைக் காப்பது போலவே, இன்று எழுதப்படுவதற்கும் இடம் தேவை. கல்விக்கழகம் தன் முகவரியின்கீழ் சிறுபத்திரிகைகளுக்கும் கலைக்குழுக்களுக்கும் துணைப்பெயரும் 1 ஜிபி இடமும் கொடுக்கலாம். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாவட்ட மைய நூலகங்களும் மாதம் ஒரு சனிக்கிழமை, டொமைன் வாங்குவது முதல் படியெடுப்பது வரை நேரில் சொல்லித் தரலாம். அங்கே கார்டு இல்லாதவர் ரொக்கமாகக் கட்ட, நூலகமே ரசீது போட்டு டாட் இன் பெயரை உரியவரின் பெயரில் பதிந்து கொடுக்கும் வசதியும் சேர்ந்தால், விலையும் கார்டும் ஆகிய இரண்டு தடைகளும் ஒரே மேசையில் தீரும். இதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஓர் அரசாணையும், ஒரு கணினி தெரிந்த நூலகரும், ஒரு யுபிஐ கணக்கும் இருந்தால் அடுத்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.